விடுதலைக்குப் பின் தங்குமிடம்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற இடத்தில் இப்போது நன்னடத்தை அலுவலராக இருக்கும் பெண். "மேடம், இப்ப அறிக்கையெல்லாம் கம்ப்யூட்டர்லயே ஏத்தணும். அதுல 'மனமாற்றம்'னு ஒரு கட்டம் வச்சிருக்காங்க. முழுமையாக, ஓரளவு, இல்லை. மூணுல ஒண்ணத் தட்டினாத்தான் அடுத்த பக்கமே தெறக்குது. நீங்களா இருந்தா எதைத் தட்டுவீங்க?" என்றாள்.

"எந்த ஆளுக்கு?" என்று கேட்டேன்.

"பொதுவாக் கேக்குறேன் மேடம்."

பொதுவான ஆள் ஒருவரைக்கூட நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. எரிச்சல் வந்தது. அவள்மேல் இல்லை, அந்தக் கட்டத்தின்மேல். போனில் என்னவோ சொல்லி வைத்துவிட்டேன். சொன்னது போதாது என்று இரண்டு நாளாக மனசு அரித்துக்கொண்டிருந்ததால் இதை எழுத உட்கார்ந்தேன்.

நன்னடத்தை அலுவலர் என்ற பலகையைப் பார்த்துவிட்டு, வேலைக்குச் சேர நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும் என்று வந்து நின்றவர்கள் உண்டு. எங்கள் வேலை அது இல்லை. குற்றம் செய்த ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடலாமா என்று நீதிமன்றம் கேட்கும். ஊருக்குப் போய் விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். ஆயுள் கைதி ஒருவர் விடுப்பில் வீட்டுக்கு வரக் கேட்டாலும், தண்டனை முடியுமுன் விடுதலை கேட்டாலும் அதே விசாரணைதான். சுருக்கமாகச் சொன்னால், இவர் பழைய ஆள்தானா, வேறு ஆளா என்று பார்த்துச் சொல்லும் வேலை. பெரியகுளத்திலிருந்து கூடலூர் வரை அந்த வேலையை முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பார்த்தேன்.

பயிற்சி சில மாதங்கள். மூன்று நோட்டு நிறைய எழுதினேன். மனித வளர்ச்சி என்ற தலைப்பில் குழந்தைப் பருவம், வளரிளம் பருவம் என்று பக்கம் பக்கமாக இருந்தது. இருபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரைப் பக்கம். அதற்குமேல் மனிதர்கள் வளர்வதை நிறுத்திவிடுவார்கள் என்று பாடம் எழுதியவர் நினைத்திருப்பார் போல. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டு வேலைக்கு வந்தேன்.

முதல் வருடமே இரண்டு பேரிடம் ஏமாந்தேன். வருசநாட்டுப் பக்கத்தில் ஒருவர், கிணற்று மோட்டார் திருடியவர். என் முன்னால் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் "அதான் சொல்லிட்டேன்ல" என்று பதில் சொன்னார். திருந்தும் அறிகுறி இல்லை என்று எழுதினேன். இன்னொருவர் பெரியகுளத்துக்காரர், பஸ் ஸ்டாண்டில் பிக்பாக்கெட். என் காலைத் தொடக் குனிந்தார், அழுதார். மனம் வருந்துபவர், பணிவானவர், முற்றிலும் மாறியவர் என்று ஒரு பக்கத்துக்குப் புகழ்ந்து எழுதினேன். இரண்டே மாதத்தில் பணிவானவர் அதே பஸ் ஸ்டாண்டில் அதே வேலையில் மாட்டிக்கொண்டார். மோட்டார் திருடியவரை நீதிமன்றம் என் அறிக்கையை மீறி வெளியே விட்டது. மூன்று வருடம் மாதம் தவறாமல் வந்து, அதே கடுகடுத்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார். இப்போது மினி லாரியில் மாங்காய் லோடு அடிக்கிறார். முகம் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

என் மேலதிகாரி தங்கவேல் சார் இரண்டு அறிக்கைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஒல்லியான ஆள். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திட்டு வாங்கத் தயாராகப் போனேன். "வாசிங்கம்மா" என்றார். நின்றுகொண்டு வாசித்தேன். 'பணிவானவர்' என்று வந்ததும் ஒரு விரலைத் தூக்கினார். 'மனம் வருந்துகிறார்' என்றதும் இன்னொன்று. பக்கம் முடியுமுன் இரண்டு கை விரல்களும் தீர்ந்துவிட்டன.

"இந்தப் பத்தையும் எடுத்துட்டா மிச்சம் என்னம்மா இருக்கு?"

பெயர், வயது, விலாசம் இருந்தது.

"அழுதான்னு எழுதுங்க, பாத்தீங்க. வருந்துறான்னு எப்படி எழுதுனீங்க? அவன் நெஞ்சுக்குள்ள போயிட்டு வந்தீங்களா? மாறிட்டான், மாறலன்னு நாம தீர்ப்பு சொல்ல வேண்டாம். போன தடவ இன்னது செஞ்சான், இந்தத் தடவ இன்னது செஞ்சான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிட்டு வந்துருங்க."

அவரிடம் கற்றுக்கொண்ட முறைகளைச் சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டுப் போகாதே, பஸ்ஸில் போ. முதலில் பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குப் போ. கைதி வீட்டிலிருந்து இறங்கி வருவதை அவர்கள் பார்த்துவிட்டால் பிறகு கதவு திறக்காது. ஊர்ப் பெரியவர் வீட்டில் காப்பி குடிக்காதே. குடித்தால் அவர் சொல்வதுதான் ஊர் சொல்வதாகிவிடும். பழைய நோட்டைத் தூக்கிப் போடாதே, ஐந்து வருடம் கழித்து அதே ஆளிடம் அதே கேள்வியைக் கேட்க வேண்டி வரும். கடைசியாக ஒன்று. நடந்ததை அவர் வாயால் சொல்லச் சொல். எங்கிருந்து ஆரம்பிக்கிறார் என்று மட்டும் கவனி.

எல்லாவற்றையும் கடைப்பிடித்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பத்துக்குத் தெற்கே ஒரு ஊர். ஊர்ப்பெயர் வேண்டாம், ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே சொல்லும் பெயர்களும் நான் மாற்றி வைத்தவைதான். வேல்மணி திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர். திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் ஊன்றி, மேலே கம்பி பின்னியிருப்பார்கள். பாரத்தில் ஓரத்துத் தூண் உள்ளே சாயாமல் இருக்க, வெளிப்பக்கம் ஒரு கம்பியை இழுத்துத் தரையில் பதித்துக் கட்டியிருப்பார்கள். வேல்மணி பந்தலின் இழுகம்பிகளில் இரண்டு, பக்கத்துத் தோட்டத்துக்குள் பதிந்திருந்தன. உழுவதற்கு இடைஞ்சல் என்று பக்கத்துத் தோட்டத்துக் குமரேசன் பல தடவை சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஒரு நாள் காலையில் கம்பியை அறுத்துவிட்டார். பழம் நிறைந்த பந்தல் அந்தப் பக்கமாக அப்படியே உட்கார்ந்துவிட்டது. வேல்மணி கடப்பாரையோடு ஓடினார். அவருக்கு அப்போது இருபத்து நாலு வயது. செத்துப்போன குமரேசனுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். ஆயுள் தண்டனை விழுந்தது.

வேல்மணிக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மனைவி முத்துக்கனிக்கு இருபது வயது, இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை.

எட்டாவது வருடம் அவர் ஒரு வார விடுப்பு கேட்டபோது நான் முதல்முறை அந்த ஊருக்குப் போனேன். முறைப்படி முதலில் குமரேசனின் அப்பா கருப்பையா வீட்டுக்கு. விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த வாளித் தண்ணீரை என் காலடியில் கொட்டினார்.

"லீவா? எம் மவன் சுடுகாட்டுல படுத்துருக்கானே ஆத்தா, அவனுக்கு ஒரு வாரம் லீவு வாங்கிக் குடு. அவன் வீட்டுக்கு வந்துட்டுப் போகட்டும். பெறகு இவனுக்குப் பேசுவோம்."

அதை அப்படியே அறிக்கையில் எழுதினேன். விடுப்பு கிடைக்கவில்லை. அதன்பிறகு வேல்மணி விடுப்பே கேட்கவில்லை.

அன்றைக்கு வேல்மணி வீட்டில் அவருடைய அண்ணன் ராஜேந்திரன்தான் பேசினார். முத்துக்கனி கதவுக்குப் பின்னால் நின்றாள். சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. அவளிடம் கேட்ட கேள்விக்கும் ராஜேந்திரனே பதில் சொன்னார். "அதுக்கென்ன மேடம் தெரியும், சின்னப் பிள்ள." நோட்டில் 'மனைவி கூச்ச சுபாவம்' என்று எழுதிக்கொண்டேன். தங்கவேல் சார் இருந்திருந்தால் விரலைத் தூக்கியிருப்பார். அப்போது அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

மதுரைச் சிறையில் வேல்மணியைப் பார்த்து, நடந்ததைச் சொல்லச் சொன்னேன். "அவென் கம்பிய அறுத்தான் மேடம்" என்று ஆரம்பித்தார். எட்டு வருடம் கழிந்தும் கதை அந்தக் கம்பியில்தான் தொடங்கியது. கடப்பாரை அவர் பேச்சில் வரவே இல்லை.

மேலும் ஆறு வருடம் போயிற்று. முன்விடுதலைக் குழுவுக்கு வேல்மணியின் விண்ணப்பம் வந்தது. பழைய நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன்.

கருப்பையா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண் ஒன்று மங்கியிருந்தது. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், இந்தத் தடவை குடிப்பதற்கு. விஷயத்தைச் சொன்னேன். தாடையைத் தடவிக்கொண்டே, "வரட்டும்" என்றார்.

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. பழைய நோட்டில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"சொன்னேன்தான். அப்பல்லாம் எம் மவன நெனச்சா இந்தப் பய மூஞ்சிதான் முன்னாடி வந்து மறைக்கும். எப்பன்னு தெரியல, இப்ப எம் மவன் மட்டும் வாரான். சைக்கிள்ல வாரான், சாப்பிட வாரான். எனக்கு அது போதும். இவன் வரட்டும், எந் தெருப்பக்கம் மட்டும் வர வேணாம்."

எழுபதைத் தொட்ட மனிதர். பயிற்சி நோட்டில் அவர் வயதுக்கெல்லாம் சேர்த்து அரைப் பக்கம்தானே ஒதுக்கியிருந்தது என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. பெரிய தடை விலகிவிட்டது, இனி சுலபம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வேல்மணி வீட்டுக்கு நடந்தேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப் திரும்பி வந்து தெருமுனையில் நின்றது. முன்சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கி, பின்னால் இறங்கியவர்களைத் தலை எண்ணினாள். உடம்பு சரியில்லாத ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நாளைக்கு மருந்து வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தால் போதும் என்று அனுப்பினாள். டிரைவரிடம், "நாளெ ஆறு மணிக்கு வரணும் கேட்டோ, லேட்டாக்கருது" என்று பாதி மலையாளத்தில் அதட்டினாள். அவன் தலையாட்டினான். அது முத்துக்கனி என்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் அவள் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கதவோரம் போய் நின்றாள். கொஞ்சம் முன்னால் தெருவுக்கே கேட்ட குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ராஜேந்திரன் சொல்லிக்கொண்டே போனார். "என் தம்பி மேடம். நாங்க ஏத்துக்கிடாம யாரு ஏத்துக்கிடுவா? இந்த வீட்லதான் இருப்பான். எழுதிக்கிடுங்க." நான் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். "இங்கன போடு" என்று முத்துக்கனிக்கு இடத்தைத் தொட்டுக் காட்டினார். அவளும் போட்டாள். 'குடும்பத்தார் மனமுவந்து ஏற்கத் தயார்' என்று நான் எழுதி முடித்தேன்.

மனமுவந்து! ஒரே பெண்ணை ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு ஆளாகப் பார்த்திருக்கிறேன். பார்த்ததை விட்டுவிட்டு, பார்க்காத மனதைப் பற்றி எழுதினேன். அத்தனை வருட சர்வீஸுக்குப் பிறகு செய்த தவறு இது. குடும்பத்தார் என்றால் வீட்டு ஆம்பிளை, மனைவி என்றால் அவருக்குக் கீழே ஒரு கையெழுத்து என்று எங்கள் எல்லோருக்குமே கை பழகிப்போயிருந்தது.

பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். முத்துக்கனி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, கடைக்கு வந்தவள்போல வந்து பக்கத்தில் நின்றாள். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"நான் போட்ட கையெழுத்த அழிக்க முடியுமா மேடம்?"

"ஏம்மா?"

"அவுக செயிலுக்குள்ளயே கெடக்கணும்னு சொல்லல. எம் பிள்ள மேல சத்தியமா அப்பிடிச் சொல்லல. வெளிய வரட்டும், நல்லா இருக்கட்டும். எங்கிட்ட வர வேணாம்."

அடிப்பாரா என்று கேட்டேன். அதுதான் எங்களுக்குத் தெரிந்த கேள்வி.

"அடிச்சது ஒருக்கத்தான். அது இல்ல மேடம். அவுக போகையில எனக்கு இருவது வயசு. அவுக சொல்லாம வாசப்படி தாண்ட மாட்டேன். கம்பத்துக்கு எந்தப் பக்கம் நின்னு பஸ் ஏறணும்னு தெரியாது. இப்ப பதினாலு பொம்பளைக எம் பேச்சக் கேட்டு மல ஏறுறாக. அவுக வந்தா எனக்கு மறுபடி இருவது வயசாயிரும். அவுக ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா வந்து வாசல்ல உக்காந்தாலே போதும்."

அவளே தொடர்ந்தாள்.

"இத எழுதிராதீக. எழுதினா எப்பிடியும் வெளிய வந்துரும். புருசன் வெளிய வாரதத் தடுத்தவன்னு ஊரே என்னையத் தின்னுரும். நாளைக்கு எம் மகளுக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வரணும்ல?"

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, அவள் பையை வீசிக்கொண்டு வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மடியில் இருந்த அறிக்கையைத் தேனி வரும்வரை திறக்கவில்லை.

விண்ணப்பத்தில் 'விடுதலைக்குப் பின் தங்குமிடம்' என்று ஒரு இடம் உண்டு. பார்க்க விலாசம் எழுதும் இடம்தான். அது சரியாக இல்லை என்றால் குழு யோசிக்கும். ஏற்றுக்கொள்ள வீடு இல்லாத ஆளை வெளியே விட யாருக்கும் துணிச்சல் வராது. முத்துக்கனி சொன்னதை எழுதினால் வேல்மணி உள்ளே, அவள் ஊர் வாயில். எழுதாமல் விட்டால் நான் அரசாங்கத் தாளில் பொய் சொன்னவள், அவளுக்கு மறுபடியும் இருபது வயது. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் இதுதான்.

தங்கவேல் சார் அப்போது மதுரையில் மண்டல அலுவலராக வந்திருந்தார். ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி. நேரில் போய், தாளில் ஒன்றும் இல்லாமல் வாயால் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "இன்னும் யாரக் கேக்கல?" என்றார்.

"எல்லாரையும் கேட்டாச்சு சார். சிறைக்குப் போறதுதான் பாக்கி."

"அப்ப எல்லாரையும் கேக்கலயே. பொண்டாட்டி சொன்னத அவன்கிட்டச் சொல்லாதீங்க. அது அந்தம்மா உங்களுக்குக் குடுத்தது. நீங்க கண்ணால பாத்தது உங்களோடது. அத யாருகிட்ட வேணாலும் சொல்லலாம்."

சிறைக்குப் போனேன். வேல்மணிக்குக் காதோரம் நரைத்திருந்தது. கேள்வி கேட்டால் உடனே பதில் வரவில்லை. கேட்டு முடித்தேனா என்று பார்த்துவிட்டுப் பேசினார். வழக்கம்போல நடந்ததைச் சொல்லச் சொன்னேன்.

"கடப்பாரை தூணுல சாத்தி இருந்துச்சு மேடம். நாந்தான் எடுத்தேன்" என்று ஆரம்பித்தார். கம்பி கடைசியில்தான் வந்தது. "கம்பி அவுக நெலத்துல தான மேடம் இருந்துச்சு. இந்தப் பக்கம் தள்ளிப் பதிச்சிருக்கலாம். அரை நாள் வேல" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

பழைய நோட்டில் எதிர்ப்பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டேன். பிறகு, வெளியே போனால் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன்.

"வீட்லதான் மேடம். முத்து பயந்த பிள்ள. கடைக்குக்கூடத் தனியாப் போவாது. அண்ணன் இருக்கப் போயி இம்புட்டு நாளு ஓடிருச்சு. நான் போயித்தான் அதுக்கு ஒரு தெம்பு வரணும்."

முத்துக்கனி கடைசியாக எப்போது மனுப் போட்டு அவரைப் பார்க்க வந்தாள் என்று கேட்டேன். நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன்பு வந்தபோதெல்லாம் பக்கத்தில் ராஜேந்திரன் இருந்திருக்கிறார். எஸ்டேட்டுக்குப் போகிறாள் என்று தெரியும், அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. ஊரில் நான் விசாரித்தவர்கள் வேல்மணியை இன்னமும் கடப்பாரை தூக்கிய கோபக்காரப் பையனாகவே வைத்திருந்தார்கள். அவரோ தன் மனைவியை இருபது வயதிலேயே நிறுத்தி வைத்திருந்தார். நான் மட்டும் என்ன, 'கூச்ச சுபாவம்' என்று எழுதி ஆறு வருடம் பையில் வைத்திருந்தவள்தானே.

நான் பார்த்ததைச் சொன்னேன். ஜீப்பின் முன்சீட்டு, தலை எண்ணியது, உடம்பு சரியில்லாதவளுக்கு மருந்து சொன்னது, டிரைவரை அதட்டியது.

"மலையாளமா? முத்துவா?" என்று சிரித்துவிட்டார். அதட்டியதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடியும் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று.

"வீட்டுக்குள்ள வந்த பெறகு எப்பிடி இருந்துச்சு மேடம்?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "கதவுகிட்ட நின்னாங்க. பேசலை" என்றேன். அதுவும் நான் பார்த்ததுதான்.

"அண்ணன் இருந்தாகளா?"

"இருந்தாரு."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணனுக்கே அப்பிடின்னா, நான் போனா..." என்று சொல்லி நிறுத்தினார். காவலர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"மேடம், தேவதானப்பட்டில எங்க அக்கா இருக்கு. மாந்தோப்புக் காவலுக்கு ஆளு வேணும்னு மச்சான் ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டு இருக்காக. தங்குமிடத்துல அந்த விலாசத்த எழுதிக்கிடுங்க."

அதன் விளைவை அவருக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. புது விலாசம் என்றால் புது விசாரணை. இந்தத் தடவை குழு கூடுவதற்குள் அது முடியாது. அடுத்த குழு எப்போது கூடும் என்று தெரியாது, ஒரு வருடம்கூட ஆகலாம். அப்போதும் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இப்போது இருக்கும் விலாசத்திலேயே போனால் அநேகமாகக் கிடைத்துவிடும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, யோசித்து நாளைக்குச் சொல்லுங்கள் என்றேன்.

"யோசிச்சிட்டேன் மேடம். பதினாலு வருசம் இருந்தாச்சு" என்றார். பிறகு மெதுவாக, "முத்து எதுவும் சொல்லுச்சா?" என்றார்.

"நான் பார்த்ததை மட்டும்தான் சொன்னேன்" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வெள்ளைத்தாள் கேட்டு, விலாச மாற்றத்துக்கு அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

ஒரு மனிதர் மாறியிருக்கிறார் என்பதற்கு என் சர்வீஸில் இதைவிடப் பெரிய அத்தாட்சியை நான் பார்த்ததில்லை. போன தடவை ஒரு கம்பியை விட்டுக்கொடுக்காதவர், இந்தத் தடவை வீட்டையே விட்டுக்கொடுத்தார். அதை ஒரு வரி எழுத முடியவில்லை. எழுதினால் ஏன் என்று கேள்வி வரும், அந்தக் கேள்வி முத்துக்கனியின் வாசலில் போய் நிற்கும். 'விண்ணப்பதாரர் தங்குமிடத்தை மாற்றக் கோருவதால் மறுவிசாரணை தேவை' என்று மட்டும் எழுதினேன். வறண்ட வரி. ஆனால் உண்மை. ராஜேந்திரனும் முத்துக்கனியும் கையெழுத்துப் போட்ட பழைய வாக்குமூலத்தைத் தள்ளிவைத்தேன்.

தங்கவேல் சார் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. அவரே வாசித்தார். விரல் எதுவும் எழவில்லை. நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ராஜேந்திரன் அலுவலகத்துக்கே வந்து சண்டை போட்டார். "நாங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தமா இல்லையா? எவன் மேடம் கலைச்சது?" தம்பியின் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "உள்ள இருந்து இருந்து பயலுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு ஊரில் பரவியது நல்லதாகப் போயிற்று. முத்துக்கனியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஒரு வருடம் எனக்கு லேசாகக் கழியவில்லை. மதுரைப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே ஒரு ஆள் என் வாயால் கேட்டதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு வரும். அடுத்த குழுவில் விடுதலை கிடைத்துவிட்டது. தேவதானப்பட்டி தோப்பில் சேர்ந்தார். மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் வந்து கையெழுத்துப் போட்டார். மகளைப் பற்றிக் கேட்பார். முத்துக்கனியைப் பற்றி ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாலைந்து மாதம் கழித்து, ஒரு நாள் மத்தியானம் முத்துக்கனி என் அலுவலகத்துக்கு வந்தாள். எஸ்டேட்டுக்குப் போகாமல் வந்திருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க எழுதலன்னு தெரியும் மேடம். எழுதியிருந்தா ஊருல என்னைய இந்நேரம் வச்சிருக்க மாட்டாக. அவுகளே வேணாம்னு எழுதிக் குடுத்தாகன்னு அவுக அண்ணன் சொன்னாக. அதுக்காக ஒரு வருசம் கூடுதலா உள்ள இருந்தாகளாமே?"

"ஆமா."

"நான் சொன்னதச் சொன்னீகளா?"

"இல்லம்மா. உன்னை ஜீப்பிலயும் வீட்டிலயும் பாத்ததைச் சொன்னேன். மிச்சத்தை அவரே புரிஞ்சுக்கிட்டாரு."

அவள் செல்போனை எடுத்து, "அந்தத் தோப்பு விலாசத்தச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன், பதிந்துகொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது. ஒரு அலுவலர் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"சேந்து இருக்கப் போறியாம்மா?"

"அதெல்லாம் தெரியாது மேடம்" என்று எழுந்தாள். "நான் வேணாம்னு சொன்னது எனக்குத் தெரிஞ்ச ஆள. எனக்காக ஒரு வருசம் கூடுதலா உள்ள கெடந்த ஆள எனக்குத் தெரியாது. யாருன்னு ஒருக்கப் பாத்துட்டு வாரேன்."